தேக நலம்: கூச்சம் என்னும் வியாதி

வியாதிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திண்ணையில் உட்கார்ந்து ஊராரிடம் விஸ்தாரமாகச் சொல்லிக்கொள்ளும் வியாதி. மற்றொன்று, வீட்டில் உள்ளவர்களிடம்கூடச் சொல்லாமல் மறைத்துவைக்கும் வியாதி. தலைவலியும், முழங்கால் வாதமும், நீரிழிவும் முதல் வகையைச் சேர்ந்தவை. நீரிழிவுக்காரர் இருவர் சந்தித்துவிட்டால், தத்தம் சர்க்கரையின் அளவைப் பள்ளிப் பிள்ளைகள் பரீட்சை மார்க்கை ஒப்பிடுவதுபோல் ஒப்பிட்டுப் பேசிக்கொள்வதைத் தினந்தோறும் பார்க்கிறோம். ஆனால் மலத்துடன் இரத்தம் போகிறது என்பதை எவரும் எவரிடமும் சொல்லுவதில்லை. கணவன் மனைவியிடம் சொல்லுவதில்லை. தாய் மகளிடம் சொல்லுவதில்லை. இப்படியே மாதங்கள் செல்கின்றன. சில குடும்பங்களில் வருஷங்களும் செல்கின்றன.

மீஞ்சூரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கும் கடிதம் இவ்விரண்டாவது வகையைப் பற்றியது. அவருடைய மாமனாருக்கு வயது அறுபத்திரண்டு. எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதமாக அவருக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. துணி துவைக்கும்போது தற்செயலாகத்தான் வீட்டாருக்கு இது தெரியவந்ததாம். மகன் வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துச் சென்றார். அடிக்குடலைக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் பெரியவர் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. "இது மூலந்தான், துத்தி இலையும் கருணைக்கிழங்கும் போதும். இந்த வயதில் எனக்கு இந்த அவமானம் வேண்டாம்" என்கிறாராம்.

"மருமகளாகிய நான் இதைப் பற்றி அவரிடம் வாய்திறந்து பேச முடியவில்லை. தாங்கள் விவரமாக எழுதினால், பத்திரிகையை அவருடைய சாய்வு நாற்காலியின்மேல் வைத்துவிடுவேன்" என்று சகோதரி முடித்திருக்கிறார். ஆகையால் இந்த வாரம் நாம் எழுதுவதில் பாதி அப்பெரியவருக்கு. மீதி, இதே நிலையில் மௌனமாயிருக்கும் மற்ற எல்லாருக்கும்.

மூலம் என்னும் போர்வை

ஆசனவாயில் இரத்தம் கண்டால் அதற்கு மூலம் என்று பெயரிட்டுவிடுவது நம்மவர் வழக்கம். பெயர் வைத்தவுடன் மனசுக்கு ஒரு நிம்மதி பிறந்துவிடுகிறது. பல சமயங்களில் அப்பெயர் சரியாகவும் இருக்கிறது. மூலத்தினாலும் ஆசனவாய் வெடிப்பினாலும்தான் பெரும்பாலோருக்கு இரத்தம் போகிறது. இவை உயிருக்கு ஆபத்தானவை அல்ல. தொல்லை எங்கே இருக்கிறதென்றால், குடலின் உட்புறத்தில் வேறு காரணம் இருந்தாலும் வெளியே தெரிவது அதே சிவப்பு இரத்தந்தான். மூலம் உள்ள ஒருவருக்கே உள்ளே வேறொன்றும் இருக்கலாம். துணியில் காணும் கறையை வைத்து இன்னது என்று நிச்சயிக்க டாக்டராலும் முடியாது. பார்த்தால்தான் தெரியும்.

அந்த "வேறொன்று" என்ன? பெருங்குடலின் உட்சுவரில் காளான் முளைப்பதுபோல் சில பேருக்குச் சிறு சதைத் துணுக்குகள் முளைக்கின்றன. இவற்றைப் 'பாலிப்' என்கிறார்கள். வயதாக ஆக இவை சகஜம். இவற்றில் பெரும்பாலானவை சாதுவாகவே இருந்துவிடும். சில மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்து, ஏறக்குறைய பத்து வருஷ காலத்தில் புற்றுநோயாக மாறும். பத்து வருஷம் என்பது வியாதி நமக்குக் கொடுக்கும் தவணை. அத்தவணைக்குள் பாலிப்பைக் கண்டு எடுத்துவிட்டால், வரவிருந்த புற்றுநோய் வராமலே போகிறது. இவ்வாறு பாலிப்புகளை எடுத்துவிட்டவர்களிடம் புற்றுநோய் வெகுவாகக் குறைகிறது என்பதை 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. வருமுன் காப்பது என்று நாம் வாயால் சொல்லுவதைக் கையால் செய்துகாட்டும் சோதனைகள் வைத்திய சாஸ்திரத்தில் சிலவே. அவற்றில் இது ஒன்று.

மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் நம் தேசத்தில் பெருங்குடல் புற்றுநோய் குறைவுதான். அமெரிக்காவில் நாற்பத்தைந்து வயதானவர்கள், ஒரு குறியும் இல்லாவிட்டாலும், இதற்கான சோதனைகளில் ஏதேனும் ஒன்றைச் செய்துகொள்ள வேண்டுமென்று அந்நாட்டு நிபுணர் குழு 2021-இல் சிபாரிசு செய்தது. நம் அரசாங்கத்தின் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று இடத்துப் புற்றுநோய்களையே தேடுகிறது. குடலைத் தேடி யாரும் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆகவே, நம் தேகமே கொடுக்கும் குறிகளை நாம்தான் கவனிக்க வேண்டும். அக்குறிகளாவன: மலத்துடன் இரத்தமோ சளியோ போதல், சில வாரங்களாக மாறாமல் நீடிக்கும் பேதி அல்லது மலச்சிக்கல், போய்வந்த பிறகும் பாக்கி இருப்பதுபோன்ற உணர்ச்சி, காரணம் தெரியாத இரத்தசோகை, உணவைக் குறைக்காமலே எடை குறைதல். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு இவற்றில் ஒன்று கண்டாலும் டாக்டரிடம் சொல்லவேண்டும். வயது குறைந்தவர்களும், குறி விடாமல் நீடித்தால், வாலிபம் என்று அசட்டையாக இருக்கலாகாது.

மகாத்மா மறைக்கவில்லை

அவமானம் என்று பெரியவர் சொல்லுகிறார். அவருக்கு ஒரு சரித்திர விஷயத்தை ஞாபகப்படுத்த விரும்புகிறோம். 1918-இல் கேடா ஜில்லாவில் அலைந்து வேலைசெய்துகொண்டிருந்த மகாத்மா காந்திக்குக் கடுமையான சீதபேதி கண்டது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். உடம்பு தேறுவதற்காக மாதேரான் மலைக்குப் போனபோது, பேதியினால் புண்பட்டிருந்த ஆசனவாயில் வெடிப்புகள் ஏற்பட்டு, சாப்பிடுவதற்கே அஞ்சும்படியான வேதனையை அநுபவித்தார். சங்கர்லால் பாங்கரின் வற்புறுத்தலின்பேரில் டாக்டர் தலால் வரவழைக்கப்பட்டார். பால் அருந்தினால்தான் உடம்பைத் தேற்ற முடியும் என்று அவர் சொன்னபோதுதான், பசும்பாலையும் எருமைப்பாலையும் விரதமாக விட்டிருந்த காந்தியடிகள், கஸ்தூரிபாயின் யோசனையை ஏற்று ஆட்டுப்பாலுக்கு இசைந்தார். பிறகு டாக்டர் தலால் அந்த வெடிப்புக்கு ரண சிகிச்சை செய்து குணப்படுத்தினார். உலகம் அறிந்த ஆட்டுப்பாலின் கதைக்குப் பின்னால் இருப்பது ஓர் ஆசனவாய் வியாதி என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இதில் நாம் கவனிக்கவேண்டியது, மகாத்மா இதை மறைக்கவில்லை என்பது. 1925 முதல் 1929 வரையில் 'நவஜீவன்' வாரப் பத்திரிகையில் தம் சுயசரிதையை எழுதியபோது, இடத்தையும் வேதனையையும் சிகிச்சையையும் ஒளிவுமறைவின்றி எழுதினார். படித்தவர்கள் அதற்காக அவரை ஒரு மாற்றுக் குறைவாக மதிக்கவில்லை. சிகிச்சை முடிந்த சில வாரங்களில், 1919 மார்ச்சில், அவர் சென்னைக்கு வந்து ராஜாஜியின் விருந்தினராகத் தங்கினார். தேசமெங்கும் ஹர்த்தால் நடத்தலாம் என்னும் எண்ணம் அவர் மனத்தில் உதித்தது அந்த வீட்டில்தான். டாக்டருக்கு உடம்பைக் காட்டக் கூசியிருந்தால், அவ்வளவு விரைவில் அவர் எழுந்து நடமாடியிருக்க முடியுமா?

புதிதல்ல, அந்நியமுமல்ல

குழாய் விட்டுப் பார்ப்பது மேல்நாட்டு வைத்தியத்தின் விபரீதம் என்று எண்ணுபவர்களுக்கு மற்றொரு செய்தி. பண்டைக் காலத்தில் சுசுருதர் பெயரால் வழங்கும் நூலிலேயே மூலநோயைப் பார்ப்பதற்கு ஒரு குழாய்க் கருவி சொல்லப்பட்டிருக்கிறது. நான்கு விரற்கடை நீளம். பசுவின் முலைக்காம்பைப் போன்ற வடிவம். பார்ப்பதற்கு ஒரு துவாரமும் மருந்திடுவதற்கு ஒரு துவாரமும் உள்ளது. மின்சார விளக்கு இல்லாத காலமாகையால், நோயாளியைச் சூரிய வெளிச்சம் படும்படி படுக்கவைத்துப் பார்க்கச் சொல்லுகிறது அந்நூல். நோயாளியின் தலையை வேறொருவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றும் சொல்லுகிறது. துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

சுசுருதரின் குழாய் நேரானது; வளைந்து செல்லும் குடலுக்குள் அது நான்கு விரற்கடைக்குமேல் போகாது. வளைந்த வழியில் வெளிச்சத்தையும் பிம்பத்தையும் கொண்டுசெல்வது எப்படி என்னும் பிரச்னையைத் தீர்த்தவர்களில் ஒருவர் நம் தேசத்தவர். பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் 1926-இல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் காலேஜில் ஹாப்கின்ஸ் என்னும் அறிஞரோடு சேர்ந்து, மயிர்போன்ற கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி அதன் வழியே பிம்பத்தைக் கடத்திக் காட்டினார். அக்கட்டுரை 1954-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது. அதனையொட்டி 1957-இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் இரைப்பையைப் பார்க்கும் வளையும் குழாயைச் செய்தார். 1969-இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா என்னும் ஜப்பானிய டாக்டர், வில்லியம் உல்ஃப் என்பவருடன் சேர்ந்து, பெருங்குடலில் குழாயைச் செலுத்தி, வயிற்றைக் கீறாமலே பாலிப்பை எடுத்துவிட்டார். இன்றைய குழாய்களில் படம் பிடிப்பது நுனியில் பதித்த சின்னஞ்சிறு காமிரா. கபானி 2020-இல் காலமானார். மறு வருஷம் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அளித்தது.

சோதனை எத்தனை வகை?

டாக்டர் "உள்ளே பார்க்க வேண்டும்" என்றால் எல்லாம் ஒன்றல்ல. முதலாவது, கையுறை அணிந்த விரலால் பார்ப்பது. ஒரு நிமிஷ வேலை. ஆயினும் பல விஷயங்களை அதுவே தெரிவித்துவிடும். இரண்டாவது, சில அங்குல நீளமுள்ள குட்டைக் குழாய். மூலத்தையும் வெடிப்பையும் பார்க்க இது போதும். மூன்றாவது, ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள வளையும் குழாய். இதற்கு 'ஸிக்மாய்டோஸ்கோப்பி' என்று பெயர். பெருங்குடலின் இடப்பாகத்தை மட்டும் பார்க்கும். பெரும்பாலும் எனிமா கொடுத்தாலே போதும்; மயக்க மருந்து இல்லாமலே பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடியும். நான்காவது 'கொலோனோஸ்கோப்பி'. சுமார் ஐந்து அடி நீளமுள்ள பெருங்குடல் முழுவதையும், சிறுகுடல் வந்து சேருமிடம் வரையில் பார்ப்பது. இதற்குத்தான் முதல்நாள் ஆயத்தம் வேண்டும். உங்களுக்குச் சொல்லியிருப்பது எது என்பதை முதலில் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயத்தில் பாதி, பெயர் தெரியாததனால் வருவது.

சோதனையைவிட முதல்நாள் கடினம்

சோதனை செய்துகொண்டவர்களில் அநேகர், "சோதனை ஒன்றுமில்லை, முதல்நாள்தான் கஷ்டம்" என்பார்கள். முற்றிலும் உண்மை. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் காமிராவுக்கு ஒன்றும் தெரியாது. மறுபடி ஒருநாள் வரச்சொல்லுவார்கள். ஆகையால் ஆயத்தத்தில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது.

இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கீரை, வாழைத்தண்டு, முருங்கைக்காய், கொய்யா, கத்தரி, தக்காளி முதலிய நாரும் விதையும் உள்ளவற்றை நிறுத்திவிடவேண்டும். வெள்ளைச் சோறு, இட்டிலி, மீன், முட்டை ஆகியவற்றுக்குத் தடையில்லை. முதல்நாள், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் குறிப்பின்படி, தெளிந்த நீராகாரம் மட்டுமே: வடிகட்டிய ரசத் தெளிவு, இளநீர், எலுமிச்சைச் சர்பத், பால் சேர்க்காத காபி, தேநீர். சிவப்புச் சாயமுள்ள பானங்கள் ஆகா. உள்ளே இரத்தமோ என்று மயங்க இடமாகும். சிறுநீரக நோயாளிகள் இளநீரைக்கூட டாக்டரைக் கேட்டே அருந்தவேண்டும்.

பேதி மருந்து நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல. சில மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவிய தலைமுறை அது. இப்போது கொடுப்பது தண்ணீரில் கலந்து குடிக்கும் ஒரு தூள். உடம்பில் சேராமல், நீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குடலைக் கழுவிச் செல்லும் தன்மையது. இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை குடிக்க நேரும். அதைப் பாதி முதல்நாள் மாலையிலும், பாதி சோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்னதாகவும் குடிப்பது உத்தமம். ஒரே மூச்சில் குடிக்காமல், கால் மணிக்கு ஒரு டம்ளராகக் குளிரவைத்துக் குடித்தால் குமட்டாது. கடைசியில் போவது கழிவாக இல்லாமல் வெளிர்மஞ்சள் நீராக இருந்தால் குடல் தயார் என்று அறியலாம். சோதனைக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது தண்ணீரையும் நிறுத்திவிடவேண்டும். டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே பிரமாணம்.

மீஞ்சூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு விசேஷக் குறிப்பு. நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிய கதை அவ்வூரார்க்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உப்புக் கரிக்கும் கிணற்று நீரிலோ குழாய்க்கிணற்று நீரிலோ இம்மருந்தைக் கலக்கலாகாது. உப்பின் அளவு கணக்குப் பார்த்துச் செய்யப்பட்ட மருந்து அது. உப்பு நீர் அக்கணக்கைக் கெடுத்துவிடும். காய்ச்சி ஆறவைத்த நல்ல குடிநீரை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துகள் விஷயத்தில் நான்கு எச்சரிக்கைகள். இரும்புச்சத்து மாத்திரைகளை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்தவேண்டும். அவை மலத்தைக் கறுப்பாக ஒட்டச்செய்யும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடும் இருதய நோயாளிகள் தாமாக அதை நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது. நீரிழிவுக்காரர்கள், சாப்பாடு குறையும் நாளில் வழக்கமான மாத்திரையையும் இன்ஸுலினையும் எவ்வளவு குறைப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். இல்லாவிடில் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரும். அப்படி வந்தால் உடனே சர்க்கரை நீர் குடிக்கவேண்டும். இருதயமோ சிறுநீரகமோ பழுதுள்ளவர்கள் கடையில் கேட்டு எந்தப் பேதி மருந்தையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. சிலவகை உப்பு மருந்துகள் அவர்களுக்குத் தீங்கு செய்யும்.

வடசென்னையில் இச்சோதனை நடக்கும் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்டான்லி. 1782-ஆம் வருஷப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழித்தோன்றலாகையால், பழையவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். கஞ்சியால் வளர்ந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு, சோற்றை நிறுத்திக்கொண்டு போகவேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. மீஞ்சூரிலிருந்து அங்கே போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். நம் புறநகர் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. எண்ணூர்ச் சாலையிலோ கன்டெய்னர் லாரிகளின் வரிசை எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. பேதி நிற்காத வயிற்றோடு இவற்றில் அகப்பட்டுக்கொள்வதே உண்மையான சங்கடம். எனவே, தூரத்திலிருந்து வருவதைச் சொல்லி, பகலில் சற்றுத் தாமதமான நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அல்லது, இராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ உறவினர் இருந்தால் முதல்நாள் இரவே அங்கே போய்த் தங்கிவிடுங்கள். மாற்று வேஷ்டியோ புடவையோ, ஒரு துண்டும், காப்பீட்டு அட்டையும், பழைய சோதனைக் காகிதங்களும் கையோடு இருக்கட்டும்.

அறைக்குள் என்ன நடக்கும்?

பெரியவர் அஞ்சுவது இதையே. உள்ளதை உள்ளபடி சொல்லுகிறோம். முதலில் ஒப்புதல் காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். படிக்காமல் போடாதீர்கள், புரியாததைத் தமிழில் விளக்கச்சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. பின்புறம் திறப்புள்ள ஓர் அங்கி கொடுப்பார்கள். இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கவேண்டும். மேலே போர்வை இருக்கும். அறையில் டாக்டரும் நர்ஸும் தவிரக் கூட்டம் இராது. இருந்தால், வேண்டாதவரை வெளியே அனுப்பும்படி மரியாதையாகக் கேட்கலாம். ஸ்திரீகள், ஒரு ஸ்திரீ கூட இருக்கவேண்டுமென்று தயங்காமல் கேட்கவேண்டும். மாதவிலக்கு நாளாக இருந்தாலும் சோதனைக்குத் தடையில்லை. கர்ப்பமாக இருந்தால் மட்டும் அவசியம் முன்னதாகச் சொல்லவேண்டும்.

கையில் ஊசி மூலம் அரைத்தூக்க மருந்து கொடுப்பதுண்டு. பலருக்கு நடந்ததே ஞாபகம் இராது. குழாய் விரல் பருமன்தான். குடல் விரிவதற்காகக் காற்று செலுத்துவார்கள். அப்போது வயிறு உப்பி, மலம் கழிக்கவேண்டும் போலத் தோன்றும். அது காற்றின் வேலையே. காற்று வெளியேறினால் அடக்க வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். அவ்வறையில் அது இருமலைப்போல் சாதாரணம். வளைவுகளில் சற்று வலிக்கலாம்; வலித்தால் சொல்லவேண்டும், டாக்டர் நிறுத்தி வழியைத் திருத்துவார். சந்தேகமான இடத்தில் கடுகளவு சதையைக் கிள்ளி எடுப்பார்கள். குடலின் உட்சுவருக்குக் கிள்ளும் வலி தெரியாது. பாலிப் இருந்தால் கம்பிச் சுருக்கால் வளைத்து அப்போதே எடுத்துவிடுவதும் உண்டு. எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம், சற்று முன்பின்னாக. அந்த அறையில் உள்ளவர்களுக்கு நாம் ஒரு முகம் அல்ல. அன்றைய வரிசையில் ஒரு குடல். ஒரு நாளில் பல பேரைப் பார்க்கிறவர்களுக்கு நம்மைப் பார்த்துச் சிரிக்க நேரமும் இல்லை, காரணமும் இல்லை.

அபாயம் உண்டா என்றால், அறவே இல்லை என்று சொல்லமாட்டோம். குடலில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவர் என்ற கணக்கில் அல்லது அதற்கும் குறைவாக நேருகிறது. பாலிப் எடுத்த இடத்தில் பின்னால் இரத்தம் கசியலாம். மிகச் சிறிய பாலிப் கண்ணுக்குத் தப்புவதும் உண்டு. இவற்றை நிறுத்துப் பார்த்துத்தான் டாக்டர்கள் சிபாரிசு செய்கிறார்கள். எட்டு மாதமாக இரத்தம் போகும் ஒருவரைப் பார்க்காமல் விடுவதில் உள்ள அபாயம் இவற்றைவிட எத்தனையோ மடங்கு பெரிது.

பிறகு

முடிந்தபின் ஒரு மணி நேரம் படுத்திருந்து, வீட்டிலிருந்து வந்த துணையோடுதான் திரும்பவேண்டும். தூக்க மருந்து வாங்கியவர்கள் அன்றைக்கு வண்டி ஓட்டுவதோ, பத்திரங்களில் கையெழுத்திடுவதோ, தனியாக ரயிலேறுவதோ கூடாது. தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டுக்குப் போகலாம் என்று எண்ணுகிறவர்களும் அந்த ஒருநாளை விட்டுக்கொடுக்கவேண்டும். பசித்தால் வழக்கம்போல் சாப்பிடலாம். வயிற்று உப்பல் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். சதை எடுத்திருந்தால் இரண்டொரு துளி இரத்தம் போவது இயல்பு. ஆனால் அடங்காத வயிற்றுவலி, காய்ச்சல், வாந்தி, திரளாக இரத்தப்போக்கு, மயக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல், சோதனை செய்த ஆஸ்பத்திரிக்கு அப்போதே போகவேண்டும். பாலிப் எடுத்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரண்டு வாரம் வரையில் பொருந்தும்.

கிள்ளி எடுத்த சதையின் முடிவு வருவதற்குச் சில நாள் ஆகும். அதை வாங்கி டாக்டரிடம் காட்டினால்தான் சோதனை பூர்த்தியாகிறது. குழாய் விட்டுப் பார்த்தாகிவிட்டது என்ற திருப்தியில் காகிதத்தை வாங்காமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. பட்ட கஷ்டமெல்லாம் அவர்களுக்கு வீணாகிறது. பாலிப் கண்டிருந்தால் மறுபடி எப்போது பார்க்கவேண்டும் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குடல் சுத்தமாக இருந்து, குடும்பத்தில் நோயும் இல்லையானால், புதிய குறி ஏதும் தோன்றாதவரை பத்து வருஷத்துக்கு இச்சோதனையின் நினைவே வேண்டாம்.

குடும்பத்தைப் பற்றி இறுதியாக ஒரு வார்த்தை. பெருங்குடல் புற்றுநோய் தாய் தந்தையருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால், மற்றவர்களுக்கும் வரக்கூடிய சாத்தியம் அதிகம். அப்படிப்பட்ட பிள்ளைகள் நாற்பது வயதிலோ, பெற்றோருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருஷம் முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போதே சோதனையைத் தொடங்கவேண்டும் என்பது வைத்தியர்களின் சிபாரிசு. தகப்பனார் தமக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொள்ளாமலே, தெரிந்தும் சொல்லாமலே போய்விட்டால், பிள்ளைகள் எந்த வயதைக் கொண்டு கணக்கிடுவார்கள்? நிலத்துக்குப் பத்திரம் எழுதிவைக்கிறோம்; நகைக்குக் கணக்கு எழுதிவைக்கிறோம். நம் உடம்பின் உண்மையையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது அவற்றைப்போலவே ஒரு கடமை. இதில் கூச்சத்துக்கு இடமில்லை.